வேலைக்குக் கிட்ட வீடு: நியூ ஜேர்சி தரும் பாடம்

வீடு கொடுப்பதென்றால் நான்கு சுவரும் கூரையும் கொடுப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். அந்த வீட்டிலிருந்து வயலுக்கு எத்தனை மைல், வேலைத்தலத்துக்கு விடியற்காலையில் பஸ் உண்டா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்போர் குறைவு. கேட்டால், கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இடம்பெயர்ந்த எமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இம்முறை பாடத்திற்கு, இதே கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோன ஏழைகள் சிலரின் வழக்கை எடுத்துக்கொள்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், கம்டன் நகரத்துக்குக் கிட்ட மவுண்ட் லோறல் என்று ஓர் ஊர் இருக்கிறது. நெடுங்காலம் அது தோட்டக் காணிகள் நிறைந்த விவசாய ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கறுப்பினக் குடும்பங்கள் சில, பிறருடைய காணிகளில் உழைத்து வாழ்ந்து வந்தன. பெருந்தெருக்கள் ஊரை ஊடறுத்துப் போடப்பட்டதும் நிலைமை மாறியது. 1950இல் 2,817 ஆக இருந்த சனத்தொகை 1970இல் 11,221 ஆயிற்று. விளைநிலங்கள் வீட்டுக் காணிகளாகப் பிரிக்கப்பட்டன. பழைய உழைப்பாளர் குடும்பங்களிற் சில, கோழிக்கூடுகளைத் திருத்தி அவற்றில் வாழ்ந்தன. அவை மனிதர் வசிக்கத் தகாதவை என்று ஊர்ச்சபை மூடத் தொடங்கியது. அது சரியான தீர்ப்புத்தான். ஆனால் வெளியேறியவர்கள் எங்கே போவது என்பதற்குச் சபையிடம் பதில் இல்லை.

அந்த மக்கள் கூடி, 36 சிறிய வாடகை வீடுகளைக் கட்ட அனுமதி கேட்டார்கள். 1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத் தலைவர் அவர்களுடைய சிறு ஆலயத்துக்கே வந்து பதில் சொன்னார். இங்கே வாழ வசதியில்லாதவர்கள் வேறிடம் போகவேண்டியதுதான் என்பதே அப்பதிலின் சாரம். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுள் எத்தல் லோறன்ஸ் என்பவரும் ஒருவர். பாலர் பாடசாலை ஆசிரியை, ஒன்பது பிள்ளைகளின் தாய். அவருடைய குடும்பத்தின் வேர் அந்த ஊரில் ஆறு தலைமுறை ஆழமானது. 1971இல் ஏழைகளுக்கான சட்ட உதவி நிலையமொன்றின் சட்டத்தரணிகளின் துணையோடு அவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள்.

அனுமதி ஏன் மறுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். அங்கே பள்ளிக்கூடச் செலவின் பெரும்பகுதி ஊரிலுள்ள ஆதனங்களின் சோலைவரியிலிருந்து வருகிறது. தொழிற்சாலை வந்தால் வரி வரும், பிள்ளைகள் வரமாட்டார்கள். ஏழைக் குடும்பம் வந்தால் பிள்ளைகள் வருவார்கள், வரி குறைவு. ஆகவே ஊரின் 29 வீதமான நிலத்தை, அதாவது நாலாயிரம் ஏக்கருக்கு மேல், கைத்தொழிலுக்கென்று ஒதுக்கினார்கள். அதில் தொழிற்சாலைகள் உண்மையில் நின்றது ஏறத்தாழ நூறு ஏக்கரில்தான். மீதி சும்மா கிடந்தது. வீடுகளுக்கான பகுதியிலோ, பெரிய காணியில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்று விதி. தொடர்மாடி கட்ட விட்டாலும் அறைகளின் தொகையைக் குறைத்து, பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சினால் அவர்களின் படிப்புச் செலவைக் கட்டியவரே ஏற்கவேண்டும் என்று நிபந்தனை. ஏழைகள் வரக்கூடாது என்று எந்த விதியிலும் எழுதவில்லை. காணியின் அளவையும் அறைகளின் தொகையையும் மட்டுமே எழுதினார்கள்; அதுவே போதுமாயிருந்தது.

1975இல் அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. தொழிற்சாலைகளை வரவேற்கும் ஊர், அங்கே வேலை செய்வோரின் வருமானத்துக்கு ஏற்ற வீடுகளுக்கும் இடம் விடவேண்டும் என்றும், வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் பிராந்தியத்தின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கைச் சுமக்கவேண்டும் என்றும் நீதியரசர் ஹோல் எழுதினார். தொழிலாளியின் உழைப்பும் வரியும் வேண்டும், தொழிலாளி மட்டும் வேண்டாம் என்பது செல்லாது என்பதே இதன் பொருள். திருச்சபையின் சமூகப் போதனையும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. வீடற்றோர் பற்றி 1987இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடு, வீட்டைத் தர்மமாக அன்றி உரிமையாகவே பார்த்தது.

வென்றாயிற்று, இனி வீடு எழும்பும் என்று அந்த மக்கள் எண்ணியிருப்பார்கள். ஊர்ச்சபை சுமார் இருபது ஏக்கரை ஒதுக்கிவிட்டு ஓய்ந்தது. அது ஊர்நிலத்தில் நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லை. 1983இல் நீதிமன்றம் மறுபடி கூடி, இம்முறை பல் வைத்த தீர்ப்பைக் கொடுத்தது. வசதி குறைந்தோருக்குப் போதிய பங்கு வீடுகளைச் சேர்த்துக் கட்ட முன்வரும் ஒப்பந்தகாரருக்கு, தகாத காரணத்தால் ஊர் அனுமதி மறுத்தால், நீதிமன்றமே அனுமதி கொடுக்கலாம். இந்தப் பங்கு வழமையில் ஐந்தில் ஒன்று.

அதன்பின்தான் மாநிலச் சட்டசபை விழித்துக்கொண்டது. 1985இல் நியாயமான வீடமைப்புச் சட்டம் நிறைவேறியது. பிராந்தியத்தின் நடுத்தர வருமானத்தில் 80 வீதத்துக்குக் குறைவாக உழைக்கும் குடும்பங்களுக்கு ஒவ்வோர் ஊரும் எத்தனை வீடு என்று கணக்கிட ஒரு சபை அமைக்கப்பட்டது. வாடகை, குடும்ப வருமானத்தின் நூற்றுக்கு முப்பது அளவில் இருக்கவேண்டும். அந்த வீட்டைப் பின்னர் கொள்ளை விலைக்கு விற்காதபடி பல ஆண்டுகளுக்கு உறுதியிலேயே கட்டுப்பாடு எழுதப்படும். இந்தக் கடைசி ஏற்பாட்டை எமது சங்கங்கள் கவனிக்கவேண்டும். ஏழைக்கென்று கட்டிய வீடு பத்து வருடத்தில் பணக்காரன் கையில் இருப்பதை நாமும் பார்க்கிறோமே.

அதே சட்டத்தில் ஒரு பொட்டும் இருந்தது. ஓர் ஊர் தன் பங்கில் பாதிவரை, காசு கொடுத்து வேறோர் ஊருக்குத் தள்ளிவிடலாம். வசதியான ஊர்கள் வறிய நகரங்களுக்குக் காசு அனுப்பின. நகரங்கள் காசைப் பெற்றன, ஏழைகளும் அங்கேயே கிடந்தார்கள். வேலையும் நல்ல பள்ளிக்கூடமும் வேறிடத்தில். வீட்டின் தொகை குறையவில்லை, இடம்தான் மாறியது என்று வாதிட்டார்கள். இடம்தானே முழுக் கேள்வியும்! 2008இல் இந்த வழி சட்டத்தால் அடைக்கப்பட்டது. கணக்கிடும் சபையும் வருடக்கணக்காக முடங்கிக் கிடந்ததால் 2015இல் நீதிமன்றம் பொறுப்பைத் திரும்ப எடுத்தது. 2024 மார்ச்சில் ஆளுநர் மேர்பி ஒப்பமிட்ட புதிய சட்டம் அந்தச் சபையை முற்றாக நீக்கி, கணக்கிடும் முறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

எத்தல் லோறன்ஸ் 1994இல் காலமானார். அவர் கேட்ட வீடுகளிற் குடும்பங்கள் குடிபுகுந்தது 2000இன் இறுதியில், வழக்குத் தொடுத்து ஏறத்தாழ முப்பது வருடத்தின்பின். இன்று அவர் பெயரிலேயே அங்கு 140 வீடுகள் உள்ளன. கட்டமுன் அயலவர்கள் கொதித்தார்கள்: களவு கூடும், காணி விலை விழும், வரி ஏறும் என்றார்கள். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாசியும் குழுவினரும் ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த மூன்றும் நடக்கவில்லை என்று கண்டார்கள். குடிவந்தோர் வேலையில் நிலைத்தார்கள், வருமானம் கூடியது, பிள்ளைகளுக்கு அமைதியாகப் படிக்க நேரம் கிடைத்தது.

எமது நாட்டில் இப்படியொரு சட்டம் இல்லாவிட்டாலும், வீட்டுத் திட்டம் ஒன்று வரும்போது அந்த மக்கள் கேட்டதை நாமும் கேட்கலாம். தரப்படும் காணியிலிருந்து வயல், குளம், கரை, சந்தை, பள்ளிக்கூடம் ஒவ்வொன்றும் எத்தனை மைல்? போய்வரும் பஸ் காசு ஒரு நாட்கூலியில் எத்தனை பங்கு? பழைய காணிக்கான உரிமை, புதிய வீட்டை ஏற்பதால் பாதிக்கப்படுமா? கையொப்பம் வைக்குமுன் சங்கக் கூட்டத்தில் இவற்றை ஒரு தாளில் எழுதி, பிரதேச செயலாளருக்கு ஒரு பிரதியும் வீடு கட்டித்தரும் நிறுவனத்துக்கு ஒரு பிரதியும் கொடுத்து, மூன்றாவதில் திகதியிட்ட ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று எந்த முகாமிலும் இருக்கும்.