காவிரிக்கரையில் ஒரு பவளத் தொட்டி

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மூன்றடித் தொட்டியில் நன்னீர் மீன் வளர்க்கிறேன். இப்போது ஆறடித் தொட்டி வைத்து, பவளமும் கோமாளி மீனும் உள்ள கடல்நீர்த் தொட்டி தொடங்க ஆசை. எங்கள் போர் தண்ணீர் நல்ல தண்ணீர். வேதாரண்யத்து உப்பு மூட்டைக் கணக்கில் கிடைக்கும். நாகப்பட்டினத்தில் இருக்கும் மைத்துனர் கடல் தண்ணீரையே வேனில் ஏற்றி அனுப்புகிறேன் என்கிறார். ராமேசுவரம் கரையில் கிடக்கும் பவளக்கல்லை எடுத்து வரலாமா? எதிலிருந்து தொடங்குவது?

– வாசகர், ஒரத்தநாடு

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ராமேசுவரத்திலிருந்து ஒரு கல்லும் எடுத்து வராதீர்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே காப்பு. செத்து வெளுத்த துண்டானாலும் குற்றம்தான். கடற்குதிரைக்கும் கடல் அட்டைக்கும் இதே சட்டம்தான். மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கடையில் 'வெளிநாட்டுப் பவளம்' என்று சொல்லி விற்றாலும் வாங்காதீர்கள். மென்பவளம் என்றாலும் எங்கே வளர்த்தது என்பதற்குத் தாள் கேளுங்கள்; தாள் இல்லையென்றால் வேண்டாம். பீங்கான் பாறையும் பண்ணையில் பொரித்த கோமாளி மீனும் போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. கடல் சாமந்தி இல்லாமலும் அந்த மீன் நன்றாக வாழும்.

அடுத்தது தண்ணீர். நம் கழிமுகக் கரையோரம் பவளப்பாறை இல்லாததற்குக் காரணம் ஆறுதான். ஆறு கொண்டுவரும் வண்டல், நன்னீர், சத்து மூன்றுமே நெல்லுக்கு உயிர், பவளத்துக்கு ஆகாதவை. நாகைக் கடல் கலங்கல் கடல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பும் இறங்கிவிடும். மைத்துனரின் வேன் வேண்டாம்.

போர் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கலாம். வயலுக்கு இட்ட உரத்தின் நைட்ரேட் அதில் இருந்தால் நாக்குக்குத் தெரியாது, தொட்டியில் பாசி காட்டிக்கொடுக்கும். ஆர்.ஓ. வைத்து, அதன் பிறகு அயனி நீக்கும் பிசின் வடிகட்டியும் வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வரும் நீரைத்தான் எடுக்க வேண்டும். கழிவு நீரைத் தென்னைக்கு விடுங்கள்.

வேதாரண்யத்து உப்பு ஏன் ஆகாது என்பது உப்பளத்தில் வேலை பார்த்தவருக்குத் தெரியும். கடல் நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகுதான் உப்பு விளையும். மக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடும். கையில் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 அடர்த்தி பாருங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு நன்னீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு உள்ளேயேதான் இருக்கும்.

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 800 லிட்டர். கண்ணாடி, மணல், பாறை, தாங்கி சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். வீட்டு மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் கட்டுவார்கள்; இந்தத் தொட்டி அதைப்போல நாலு மடங்கு அழுத்தும். அதனால் தரைத்தளம் மட்டுமே.

சித்திரை வெயிலில் தொட்டி நீர் 32 டிகிரிக்குப் போய்விடும். நமக்குத் தேவை 26. சில்லர் வாங்க இப்போது பணமில்லையென்றால் பணம் சேரும்வரை காத்திருங்கள். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே வெப்பத்தால் பவளம் வெளுத்தது. மின்சாரம் நின்றால் மோட்டாருக்கு இன்வெர்ட்டர், காற்று பம்புக்குத் தனி பேட்டரி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டு என்பது உங்களுக்கே நினைவிருக்கும். சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் இருக்கட்டும்.

இதெல்லாம் கூடிய பிறகுதான் அசல் வேலை. அதை உங்கள் ஊர் வயலே சொல்லித்தரும். யூரியா கரைந்து அமோனியா ஆகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி நைட்ரேட்டாக்குகின்றன. தண்ணீர் கட்டிய வயலில், காற்றுப் படாத சேற்றுக்குள் அது நைட்ரஜன் வாயுவாகிப் போய்விடுகிறது. உழவருக்கு அது நட்டம். தொட்டிக்கோ அதுதான் சுத்தம். துளையுள்ள பாறைக்குள் அது நடக்க வேண்டும். பாறையை அடுக்கி, நீரை ஓட்டி, அமோனியா தர ஒரு இறால் துண்டு போட்டுவிட்டு நாலிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகும்வரை ஒரு மீனும் விடக்கூடாது. அந்த வாரங்களில் கண்ணாடியில் பழுப்புப் பாசி படியும், பதறாதீர்கள். புதுத் தொட்டிகளில் மீன் சாவது பெரும்பாலும் நோயால் அல்ல, இந்தப் பொறுமை இல்லாததால். எட்டு வருடம் மீன் வளர்த்தவர்கூட இங்கே அவசரப்பட்டுவிடுகிறார்.

பிறகு கோமாளி மீன் இரண்டு விடுங்கள். ஒரு மாதம் கழித்து அடுத்தது.

தொட்டியை இப்போது வாங்க வேண்டாம். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., நைட்ரேட் அளவு, தொட்டி வைக்கப்போகும் அறையில் மதியம் மூன்று மணி வெப்பம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை திறனுள்ள சில்லர், எவ்வளவு பெரிய ஆர்.ஓ. என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.