தரங்கம்பாடியில் ஒரு பகல்

நுழையும்முன்

ஓர் ஊரைத் தனியே சென்று காண்பது ஒருவகை. அவ்வூரைப் பற்றி முன்பே எண்ணியிருந்த ஒருவரோடு சென்று காண்பது வேறுவகை. கல்லூரிக் காலத்தில் ஒருவர் பார்த்தும் மற்றவர் பார்க்காமலும் போன ஊருக்கு, முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் இரு நண்பர்கள் சேர்ந்து செல்கின்றனர். அந்தப் பகற்பொழுதின் பதிவே இப்பாடம்.

மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் காலை ஏழு மணிக்கே நண்பன் வந்து நின்றிருந்தான். நாக்பூரில் அஞ்சல்துறையில் பணியாற்றுபவன்; உறவினர் திருமணத்திற்காகக் கும்பகோணம் வந்தவன், மறுநாள் இரவு தொடர்வண்டியேற வேண்டும். "ஒரு பகல் இருக்கிறது, எங்கே போகலாம், சொல்" என்று தொலைபேசியில் கேட்டேன். சிறிதும் தயங்காமல், "தரங்கம்பாடி" என்றான். எனக்குச் சற்றே உறுத்தியது. அதன் காரணம் பின்னர் வரும்.

ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குத் தொடர்வண்டி ஓடியது. இன்று பேருந்துதான். செம்பனார்கோவிலையும் ஆக்கூரையும் கடந்து வண்டி திருக்கடையூரில் நின்றபோது, மாலையும் பட்டுமாக மணிவிழாத் தம்பதியர் நால்வர் சாலையைக் கடந்தனர். "இன்னும் மூன்றாண்டில் நாமும் இங்கே வந்து நிற்க வேண்டியவர்கள்தாம்" என்று நண்பன் நகைத்தான். பயணச்சீட்டுக்கு நான் பணம் எடுப்பதற்குள் அவன் நடத்துநரிடம் நீட்டிவிட்டிருந்தான்.

நான் முதன்முதலில் இவ்வூருக்கு வந்த 1988இல் இது தஞ்சாவூர் மாவட்டம். பின்னர் நாகப்பட்டினம் மாவட்டமாயிற்று. இன்று மயிலாடுதுறை மாவட்டம். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது ஊர்!

ஊரின் தலைவாயிலாக வெண்ணிற மதில்வாயில் ஒன்று நிற்கிறது. 1792இல் டேனியர் கட்டியது. அதனுள் நுழைந்ததும் ஓசை அடங்கிவிடுகிறது. நேரே கடலை நோக்கிச் செல்லும் அரசர் தெருவில், தூண்கள் நிறைந்த பழைய வீடுகள் வெயிலில் மௌனமாக நிற்கின்றன. நண்பன் வேகமாக நடக்கவில்லை. ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தான்.

அவன் முதலில் காண விரும்பியது கோட்டையை அன்று. புதிய எருசலேம் ஆலயத்தை. 1718இல் திறக்கப்பட்ட அவ்வாலயத்தின் முகப்பில், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கின் முடியும் பெயர்க்குறியும் பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே, சீகன்பால்குவின் கல்லறை. செருமனியில் பிறந்து, 1706 சூலைத் திங்களில் இக்கரையில் இறங்கி, சிறுவர்களோடு மணலில் அமர்ந்து தமிழெழுத்துப் பயின்றவர் அவர். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமன் மொழியில் பெயர்த்தவர். தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். 1719இல் மறைந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு.

நண்பன் சமயப் பற்றினால் அங்கு வந்தவன் அல்லன். அவனுடைய தந்தை கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவர். பள்ளி நாள்முதலே இவனும் இரவில் தந்தைக்குத் துணையாக எழுத்துப் பெட்டியின் முன் நின்றவன். கல்லூரியில் காலை முதல் பாடவேளையில் இவன் உறங்கி விழுவதும், பேராசிரியர் எழுப்பி நிறுத்துவதும் எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தன. இவனுடைய விரல் நுனிகளில் எப்போதும் இருந்த கருமை மையன்று, ஈயம் என்பதை நான் அறிந்ததே மிகவும் பிந்தித்தான்.

கல்லறையருகே நின்றவன், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தைப் பிரித்தான். அதில் ஒரே ஓர் ஈய எழுத்து. பழைய வடிவ 'லை'. யானை துதிக்கையைத் தூக்கியது போல முன்னே சுருண்டெழும் அந்த வரிவடிவத்தை இன்றைய மாணவர் பலர் கண்டிருக்கமாட்டார்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் வழக்கொழிந்த வடிவங்களுள் அதுவும் ஒன்று. "பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டார்கள். அப்பா இந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் போனபின் என்னிடம் வந்தது" என்றான். வாங்கிப் பார்த்தேன். இடவலம் மாறிய எழுத்து. அச்சுக்கோப்பவர்கள் எதையும் கண்ணாடியில் காண்பது போலத்தான் படிப்பார்கள்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது 1712இல். இலண்டனிலிருந்து அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் கடற்கரையில் கைப்பற்றினர். மீட்கப்பட்டுப் பயணத்தைத் தொடர்ந்தபோது, உடன் வந்த அச்சாளர் வழியிலேயே காய்ச்சலால் இறந்தார். செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. அவை உருவில் பெரியவையாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1714இல் தொடங்கி 1715இல் அச்சாகி முடிந்தது.

ஆலயத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் டேனிஷ் கோட்டை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டேனியக் கடற்படைத் தலைவர் ஓவே கெத்தேவுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி எழுந்தது இது. நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்கு விடுத்த பொன்னேட்டு மடல் இன்றும் கோபன்ஹேகனில் காக்கப்படுகிறது. கீழ்த்தளத்தில் கிடங்கும் சமையற்கூடமும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநரின் அறைகள். ஆளுநரோடு முரண்பட்ட சீகன்பால்கு நான்கு திங்கள் அடைபட்டிருந்ததும் இக்கோட்டையில்தான். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை ஏறத்தாழ இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் இங்கே டேனியக் கொடி பறந்தது. தற்போது உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்கும் நுழைவுச்சீட்டை அவனே வாங்கினான்.

கோட்டையின் மேல்தளத்தில், கடற்காற்று வீசும் ஓரிடத்தில் அமர்ந்தோம். இனியும் சொல்லாமலிருப்பது முறையன்று என்று தோன்றியது.

1988இல் எங்கள் வகுப்பு இவ்வூருக்குக் கல்விச்சுற்றுலா வந்தது. கட்டணம் முப்பது ரூபாய். புறப்படும் நாளில் நண்பன் வரவில்லை. "அப்பாவுக்கு உடல்நலமில்லை" என்று சொல்லியனுப்பினான். பணமில்லாமையே காரணம் என்பது எனக்குத் தெரியும். என் பெட்டியில், ஊரிலிருந்து பணவிடையில் வந்த ஐம்பது ரூபாய் இருந்தது. தீபாவளிச் சட்டைக்கென்று வைத்திருந்தேன். கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இதனைத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது குரல் சரியாக இல்லை.

அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தச் சட்டை நீலக் கட்டம் போட்டது. எனக்கு நினைவிருக்கிறது" என்றான். சற்று நேரம் கழித்து, "அது போகட்டும். நான் தரங்கம்பாடியைப் பார்க்கவில்லை என்று யார் சொன்னது? உன் கட்டுரையில் பார்த்தேனே" என்றான்.

சுற்றுலா முடிந்து கல்லூரி ஆண்டுமலருக்கு நான் ஒரு பயணக்கட்டுரை எழுதியிருந்தேன். அதற்கு முதற்பரிசும் கிடைத்தது. வரலாற்றுச் செய்திகளைப் பிழையின்றித் தந்திருப்பதாக நடுவர் பாராட்டியதை நான் பல மேடைகளில் நினைவுகூர்ந்ததுண்டு. அம்மலர் அச்சானது அவன் தந்தை பணியாற்றிய அச்சகத்தில். என் கட்டுரையை ஓரெழுத்து ஓரெழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவன் இவனே. இது எனக்கு அன்றே தெரியும். தெரியாதது இனித்தான் வந்தது.

"கோட்டையைக் கட்டியவர் யார் என்று எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா?"

"டேனியர் என்றுதான்."

"இல்லை. 'டச்சுக்காரர்' என்று எழுதியிருந்தாய். ஓரிடத்தில் அன்று, பதினோரிடத்தில்."

நான் மறுக்க வாயெடுத்தேன். ஆனால் அவன் பொய் சொல்பவன் அல்லன். டச்சுக்காரர் வேறு, டேனியர் வேறு என்பதை அந்த வயதில் நான் உண்மையிலேயே அறிந்திருந்தேனா? இப்போதும் தேர்வுத் தாள்களில் இவ்விரண்டையும் குழப்பும் மாணவர்களுக்குச் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருப்பவன் நான்.

"கோக்கும்போதே ஐயமாக இருந்தது. மறுநாள் கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்த்தேன். கையெழுத்துப்படியில் உள்ளதை மாற்ற அச்சுக்கோப்பவனுக்கு உரிமை கிடையாது. 'உள்ளது உள்ளபடி கோ' என்பதுதான் அப்பா சொல்லித்தந்த முதல் பாடம். உன்னைக் கேட்கலாமென்றால் நீ விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டாய். பதினோரிடத்திலும் நானே மாற்றினேன்."

அவன் சொல்லச் சொல்ல வேறொன்று என் நினைவில் எழுந்தது. 'டச்சுக்காரர்' என்பது ஏழெழுத்து; 'டேனியர்' நான்கே எழுத்து. கோத்து முடித்த வரியில் மூன்றெழுத்து குறைந்தால் வரி தளர்ந்துவிடும். சொற்களுக்கிடையே வெற்று ஈயத் துண்டுகளைச் செருகித்தான் இறுக்க வேண்டும். மலர் வெளிவந்தபோது என் கட்டுரையில் மட்டும் சில வரிகள் பல்விழுந்த வாய் போல இடைவெளி விட்டு நின்றன. நான் பொறுப்பாசிரியரிடம் சென்று முறையிட்டேன்: "என் பக்கங்களை மட்டும் அக்கறையில்லாமல் கோத்திருக்கிறார்கள்." அவர் அச்சக உரிமையாளரிடம் சொல்ல, உரிமையாளர் நண்பனின் தந்தையைக் கடிந்துகொண்டார்.

"அப்பா என்ன சொன்னார்?" என்றேன்.

"ஒரு மாதம் என்னை எழுத்துப் பெட்டியைத் தொடவிடவில்லை. கை கெட்டுவிட்டது என்றார்."

"நீ காரணத்தைச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால், படியை மாற்றியதற்காக அதைவிடப் பெரிதாகத் திட்டியிருப்பார்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் குறையேதும் இல்லை. என்னால்தான் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

பகலுணவுக்குப் பின் மாசிலாமணிநாதர் கோயிலுக்குச் சென்றோம். 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. கோயிலின் முன்பகுதிகளை அலைகள் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விட்டன. எஞ்சியதைக் காக்கப் பெரும்பாறைகளைக் கரையில் அடுக்கியிருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலையில் இவ்வூர் மீனவர் குடியிருப்புகள் பட்ட துயரத்தை, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னார். அன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பேரன் இன்று படகோட்டுகிறானாம். நண்பன் அவரருகே மணலில் அமர்ந்து, வலைமுடிச்சு போடும் முறையை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கையால் செய்யும் எந்தத் தொழிலைக் கண்டாலும் அவன் அங்கே நின்றுவிடுவான்.

மாலையில் ஓரிடம் எஞ்சியிருந்தது. அச்சகத்திற்குத் தாள் போதாமையால், அருகிலுள்ள பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையும் அமைத்திருந்தனர். பட்டறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆனால் அந்த இடத்திற்குக் கடுதாசிப்பட்டறை என்னும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று முன்பே சொன்னேன். "பெயர் இருக்கிறதே" என்றான். சென்று, வீடுகளும் மரங்களுமாக இருந்த அத்தெருவில் ஒருமுறை நடந்து திரும்பினோம். ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் அவன் ஊர்ப்பெயரைக் கேட்டான். அவர் "கடுதாசிப்பட்டறை" என்று சொன்னதும், கேட்க வந்ததைக் கேட்டுவிட்டவன் போலத் தலையசைத்தான்.

இருட்டத் தொடங்கியபோது மயிலாடுதுறைப் பேருந்து வந்தது. அருகருகே இடம் கிடைத்தது. நடத்துநர் வந்தார். நான் பணத்தை எடுத்து, "இரண்டு மயிலாடுதுறை" என்றேன். நண்பனின் கை சட்டைப்பை வரை சென்றது. பிறகு திரும்பி வந்து மடிமேல் அமர்ந்தது. சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நடத்துநர் சீட்டுகளைக் கிழித்து என்னிடம் தந்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் முன்பு அச்சுக்கோப்பவராகப் பணியாற்றிய ஒருவரைச் சந்தித்து, அத்தொழிலில் அவர் பயன்படுத்திய சொற்களைத் திரட்டி வகுப்பறையில் பகிர்க.

2. 'கையெழுத்துப்படியில் உள்ளதை மாற்ற அச்சுக்கோப்பவனுக்கு உரிமை கிடையாது.' நண்பர் செய்தது சரியா? இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. மறைந்துபோன ஒரு தொழிலையோ கட்டடத்தையோ தன் பெயரில் தாங்கியிருக்கும் தெரு அல்லது சிற்றூர் ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.