வேறு கூரையில் ஒரு நகல்

எது எங்கே பிறந்தது? – கேள்வி பதில்
இந்த இதழில் பொள்ளாச்சி வட்டாரக் கேள்விகள்

கே: மஞ்சி மில் கணக்கையெல்லாம் 'ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்'ல போட்டு வைங்கன்னு எங்க ஆடிட்டர் சொல்றாருங்க. அதை யார் கண்டுபிடிச்சது? சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?
– ஆனைமலை வாசகர்

ஒருவர் பெயரை மட்டும் எழுதி முடித்துவிட முடியாது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்த் கிப்சனின் குழு ஓர் ஆராய்ச்சி செய்தது. எந்தத் துண்டு டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்று கம்ப்யூட்டர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், அதை டிஸ்க்கே பார்த்துக்கொள்ளட்டுமே என்பது அவர்கள் யோசனை. 2002இல் இஎம்சி நிறுவனம் 'சென்டெரா' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வாங்க பெரிய வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான் கட்டுப்படியானது. சில்லறை வியாபாரத்துக்கு வந்தது 2006 மார்ச் 14 அன்று. அமேசான் எஸ்3 என்ற சேவையைத் திறந்து, ஒரு ஜிபிக்கு மாத வாடகை 15 சென்ட் என்று அறிவித்தது. பெட்டி வாங்க வேண்டாம், முன்பணம் வேண்டாம்.

இனி வித்தியாசம். மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறீர்கள். செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். எந்தத் தட்டில் வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். டோக்கனைக் காட்டினால் அதே ஜோடி வரும். வார் அறுந்திருந்தால் அங்கேயே வைத்துத் தைக்க முடியாது, முழு ஜோடியையும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜும் இப்படித்தான். ஒரு ஃபைலை முழுசாகக் கொடுத்து முழுசாக வாங்கலாம். உள்ளே போய் ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது. தினமும் எழுதி அழிக்கும் வேலைக்கு இது ஒத்துவராது, வைத்துப் பூட்டும் வேலைக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

உள்ளே நடப்பது இதுதான்: ஃபைல் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. கூடவே, கணக்குப் போட்டு உருவாக்கிய உபரித் துண்டுகளும் சேர்கின்றன. எல்லாம் தனித்தனிக் கட்டடங்களில் உள்ள பல டிஸ்க்குகளுக்குப் பிரிந்து போகின்றன. நாலைந்து துண்டு தொலைந்தாலும் மீதியை வைத்து முழு ஃபைலையும் மறுபடி செய்துவிடலாம். ஒரு கோடி ஃபைல் வைத்தால் சராசரியாகப் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒன்று தொலையலாம் என்பது அமேசான் சொல்லும் கணக்கு. டிஸ்க் பழுதாவதற்கான கணக்கு அது. நீங்களே அழித்தால் அதில் சேர்த்தி இல்லை.

கே: இந்த சமாச்சாரத்தில் தமிழர் பங்கு ஏதாவது உண்டா?
– உடுமலை மாணவி

உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 2005இல் 'கிளஸ்டர்' நிறுவனத்தைத் தொடங்கினார். பல சாதாரண கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளை ஒரே பெரிய டிஸ்க்காக இணைக்கும் மென்பொருள் அவர்களுடையது. 2011இல் ரெட் ஹாட் அதை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2014இல் கரிமா கபூர், ஹர்ஷவர்தனா ஆகியோருடன் சேர்ந்து 'மின்ஐஓ'வை ஆரம்பித்தார். எஸ்3 புரிந்துகொள்ளும் அதே கட்டளைகளை உங்கள் சொந்த கம்ப்யூட்டரிலும் வேலை செய்யவைக்கும் மென்பொருள் அது. இப்போது ஏகப்பட்ட கம்பெனிகள் அந்த மொழியைப் பேசுகின்றன. ஒருவர் வாடகையை ஏற்றினால் இன்னொருவரிடம் போய்விடலாம்.

கே: தினமும் சாயங்காலம் டேலி டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்துவிடுகிறோம். அது போதாதா?
– நெகமம் வாசகர்

அந்தப் பென் டிரைவ் எங்கே இருக்கிறது? பெரும்பாலான ஆபீஸ்களில் அது அதே சிபியுவில் செருகியபடியே கிடக்கும். பிணைப்பணம் கேட்கும் வைரஸ் வந்தால் முதலில் சி டிரைவைப் பூட்டும், அடுத்த நிமிஷமே பென் டிரைவைப் பூட்டும். அந்த வைரஸின் மூதாதை 1989இல் பிறந்தது. ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் எய்ட்ஸ் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 ஃப்ளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். போட்டவர்களின் கம்ப்யூட்டர் முடங்கியது. திறக்க 189 டாலரைப் பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது.

வைரஸை விடுங்கள். மஞ்சி காயும் களத்தில் ஒரு பொறி விழுந்தால் கம்ப்யூட்டரும் பென் டிரைவும் சேர்ந்தேதான் போகும். பீட்டர் கிராக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சக கலைஞர்களுக்காகப் பரப்பிய 3-2-1 விதியை இன்று உலகமே பின்பற்றுகிறது: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். உங்களிடம் மூன்றும் இரண்டும் இருக்கலாம். கடைசி 'ஒன்று'க்குத்தான் எஸ்3 போன்ற கிளவுட்.

கே: கூகுள் டிரைவில் எல்லாம் தானாக ஏறிவிடுகிறதே, அதுவே பேக்அப்தானே?
– கிணத்துக்கடவு வாசகர்

தானாக ஏறுவதுபோல் தானாக அழியவும் செய்யும். இங்கே அழித்தால் அங்கேயும் போகும். அங்குள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தீர்கள்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' வைரஸ் பரவியது. அது நுழைந்த வாசல், உக்ரைனில் வரிக் கணக்குப் போடப் பயன்படும் ஒரு மென்பொருள். யார் உள்ளே வரலாம் என்று பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் மெர்ஸ்க்கிடம் சுமார் 150 இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்து நகலெடுத்துக்கொள்வதால் தனி பேக்அப் தேவையில்லை என்று இருந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே நேரத்தில் காலி. மிஞ்சியது கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும். அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் கட், அதனால் வைரஸ் அதைத் தொடவில்லை! இன்டர்நெட் வேகம் போதாமல் டிஸ்க்கையே பிரிட்டனுக்கு எடுத்துப் போக முடிவானது. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தார். நம் ஊர்க்காரர்கள் திட்டித் தீர்க்கும் மின்வெட்டு ஒரு கம்பெனியைக் காப்பாற்றிய கதை.

கே: கிளவுடில் போட்ட பேக்அப்பையும் திருடன் உள்ளே புகுந்து அழிக்க முடியுமா?
– பொள்ளாச்சி, கொப்பரை வியாபாரி

சாவி ஒன்றே என்றால் முடியும். 'கோட் ஸ்பேசஸ்' என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் 2014 ஜூனில் ஒருவன் புகுந்தான். பணம் கேட்டான். அவனை வெளியேற்ற முயன்றதும் டேட்டா, பேக்அப் இரண்டையும் அழிக்க ஆரம்பித்தான். கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பேக்அப் கிளவுடில்தான் இருந்தது, ஆனால் அதே கணக்கில், அதே சாவிக்குள்.

இதற்கு மருந்து 2018 நவம்பரில் எஸ்3க்கு வந்த 'ஆப்ஜெக்ட் லாக்'. இத்தனை வருஷம் யாரும் தொடக்கூடாது என்று கறாரான முறையில் பூட்டிவிட்டால், கெடு முடியும்வரை முதலாளியே வந்தாலும் அந்த ஃபைலை அழிக்க முடியாது. இதன் வேர் அமெரிக்கப் பங்குச்சந்தை. தரகர்கள் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைக்கலாம், ஆனால் திருத்தவோ அழிக்கவோ முடியாத வடிவில் வைக்க வேண்டும் என்று 1997இல் அங்குள்ள கட்டுப்பாட்டு ஆணையம் விதி போட்டது. திருட்டுக் கணக்கு எழுதும் தரகருக்காகப் பிறந்த பூட்டு, இப்போது வெளித்திருடனையும் தடுத்து நிற்கிறது.

பேக்அப்புக்குத் தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு, கூடவே இந்தப் பூட்டு. தினசரி நகல் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள். அழிக்கும் உரிமை வேண்டாம்.

கே: பழைய பில்களை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்? அத்தனைக்கும் வாடகை கட்ட முடியுமா?
– கோவில்பாளையம் வாசகர்

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி என்றால் 8 நிதியாண்டு. கம்பெனிகள் மின்னணுக் கணக்கின் பேக்அப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதில் சிரமமில்லை. மைக்ரோசாஃப்ட் 2015இலேயே சென்னையில் மையம் திறந்தது, அமேசான் 2016இல் மும்பையில். கணக்குத் தொடங்கும்போது இந்திய மையத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

வாடகை, மும்பையில் சாதாரண வகைக்கு ஜிபிக்கு மாதம் இரண்டரை சென்ட். எப்போதாவது தேடும் பழைய பில்லுக்கு அதுவும் அதிகம் என்பவர்களுக்காக 2012இல் 'கிளேசியர்' வந்தது. மிக மலிவு, ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தபின் தேடும் பில்லுக்கு அது பரவாயில்லை. நாளைக் காலை லோடு ஏற்ற வேண்டிய இ-வே பில்லை அங்கே வைக்காதீர்கள்.

கே: கம்பெனிக்காரன் நம் ஃபைலைப் படித்துவிட மாட்டானா?
– வால்பாறை வாசகி

அனுப்புமுன் நீங்களே பூட்டி அனுப்புங்கள். 2001 முதல் அமெரிக்க அரசின் தரமாக இருக்கும் ஏஇஎஸ் முறையை இரண்டு பெல்ஜியக்காரர்கள் உருவாக்கினார்கள். பெரும்பாலான பேக்அப் மென்பொருள்களில் அது உண்டு. சாவி தொலைந்தால் அந்தக் கம்பெனியாலும் திறக்க முடியாது. தாளில் எழுதி பேங்க் லாக்கரில் வையுங்கள்.

கே: எல்லாம் செய்துவிட்டோம். இனி நிம்மதியாகத் தூங்கலாமா?
– பொள்ளாச்சி, வெல்ல மண்டிக்காரர்

'கிட்லேப்' நிறுவனத்தாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். 2017 ஜனவரி 31 இரவு, ஓர் ஊழியர் ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொன்றில் இருந்த டேட்டாவை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது நாலரை. சரி, பேக்அப்பை எடு என்றால், மென்பொருளின் பதிப்பு மாறியதால் அது பல நாளாகவே ஓடவில்லை. 'ஓடவில்லை' என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக ஒருவர் எடுத்திருந்த நகல் தற்செயலாகக் கைகொடுத்தது.

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் பேக்அப்பை இறக்குங்கள். டேலியைத் திறந்து, போன மாதக் கடைசி இருப்பு ஒரிஜினலோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஏல நாளன்று கம்ப்யூட்டர் படுத்தால் மண்டி அத்தனை நேரம் நிற்கும். அது தாங்காது என்றால், அதை இப்போதே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.