கச்சானுக்கு ஒரு கணக்கு, வாடைக்கு ஒரு கணக்கு

ஆடியில் கச்சான் காற்று வீசும்போது திருகோணமலையில் கொடியில் போட்ட துணி போட்ட வேகத்தில் காய்கிறது. வாடையோடு வரும் கார்த்திகை மழையில் அதே வீட்டு அலுமாரிக்குள் தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கிறது. உள்துறைமுகக் கரையில் சுருட்டுச் சேர்த்து வைப்பவர் இரண்டையும் சமாளித்தாக வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் வறட்சிக்கே பயப்படச் சொல்லும். இங்கே முதலில் பயப்பட வேண்டியது வெப்பத்துக்கு.

காரணம் புகையிலை வண்டு. மல்லியையும் செத்தல் மிளகாயையும் துளைக்கும் அதே பழுப்பு வண்டுதான். இலைக்குள் கிடக்கும் அதன் முட்டை வெப்பம் ஏற ஏற வேகமாகப் பொரிக்கும். திருகோணமலையில் மே முதல் ஆகஸ்ட் வரை பகலில் 33, 34 பாகை செல்சியஸ் சாதாரணம். ஆகவே புதுச் சுருட்டை, அது வரும் அலுமினியக் குழாயோடு இரட்டைப் பையில் கட்டி, பிரிட்ஜில் ஒரு நாள், உறைபெட்டியில் மூன்று நாள், மறுபடி பிரிட்ஜில் ஒரு நாள் வைத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலிலை வெடித்துவிடும்.

அடுத்தது பெட்டி. ஹியூமிடோர் எனும் இந்தச் சுருட்டுப் பெட்டியின் உட்பலகை ஸ்பானிய சீடர். பெயர்தான் சீடர், மரமோ வேம்பின் குடும்பம். காய்ந்த பலகை சுருட்டின் ஈரத்தையே உறிஞ்சும். முதலில் காய்ச்சி வடித்த நீரை ஒரு கிண்ணத்தில் உள்ளே வைத்து, ஒரு வாரம் மூடி வைக்க வேண்டும். குழாய்நீர் வேண்டாம், கறை விடும்.

ஈரமானியை நம்புவதற்கு முன் சோதிப்பது நல்லது. ஒரு போத்தல் மூடியில் தூளுப்பைச் சில சொட்டு நீரில் குழைத்து, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வைத்தால் 75 வீதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழித்துப் படிக்கலாம். கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருக்கும். இந்தச் சோதனைக்கு ஆகாது.

பெட்டிக்குள் 65 முதல் 68 வீத ஈரமும் 18 முதல் 20 பாகை வெப்பமும் நிலைத்தால் போதும். மரப்பெட்டி தானாகக் குளிராது. ஏசி அறையோ, சிறிய வைன் கூலரோ இல்லாமல் திருகோணமலையில் ஆண்டுக்கணக்கில் முதிர வைப்பது சூதாட்டம். மீனவர்கள் கொண்டுபோகும் வகை ஐஸ் பெட்டி, மீன் படாத புதியது, வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும், வெப்பத்தைக் குறைக்காது.

இனிக் குழாய். திருகுமூடி அலுமினியக் குழாய் முழுக்கக் காற்றை அடைப்பதில்லை. உள்ளே சுற்றிய சீடர்த் தாளோடு அது சில வாரங்களுக்குக் காவல் காக்கும், அவ்வளவுதான். ஓரிரு மாதத்தில் புகைக்கப்போகும் சுருட்டுக்கு மூடி இருக்கட்டும். ஒரு வருடம் முதிர வைப்பதற்கு மூடியைக் கழற்றி, குழாயைப் படுக்க வைப்பதே சரி. பெட்டியின் ஈரம் உள்ளே போகும், இளம் புகையிலையின் அமோனியா நெடி வெளியேறும். மெழுகிட்டு அடைத்த கண்ணாடிக் குழாயைத் தொடவே வேண்டாம். கடற்காற்றின் உப்பு அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளி விழச் செய்யும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

யாழ்ப்பாணச் சுருட்டை இந்தப் பெட்டியில் சேர்க்கக் கூடாது. ஆங்கிலத்துக்குச் 'செரூட்' என்ற சொல்லைக் கொடுத்த தமிழ்ச் சுருட்டின் இனம் அது. ஆனால் அதன் காரமான மணம் பக்கத்துக் கியூபச் சுருட்டில் ஏறிவிடும். அதற்குத் தனிப் போத்தல்.

முதிர்ந்தால் சுவை மென்மையாகும். நிக்கோட்டினும் தாரும் போகாது. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கவும் கூடாது.

நாட்காட்டியில் இரண்டு நாளை வட்டமிடுங்கள். ஆடிப் பிறப்பன்று, பெட்டிக்குள் ஈரத்தை நிலைநிறுத்தும் ஈரப்பையை மாற்றுங்கள். ஐப்பசி முதல் மழைக்கு நீர்க்கிண்ணம் ஏதும் இருந்தால் எடுத்துவிட்டு, மூடியின் ஓரங்களில் பூஞ்சணம் தேடுங்கள்.