தர உறுதி மேலாண்மை: பணிநாடுவோர்க்குச் சில குறிப்புகள்

தரப் பரிசோதனையையும் தர உறுதியையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். உருவான பொருளைச் சோதித்துப் பழுதானதை ஒதுக்குவது முன்னது. பழுதே நேராவண்ணம் செய்முறையை வகுத்துக் காப்பது பின்னது. சிறுதொழில்களுக்குக் கடன் வழங்கும் நாம் இவ்வேறுபாட்டைக் கணக்கேட்டிலேயே காண்கிறோம். ஒரு சரக்கு திரும்பி வந்தால் விற்பனைத் தொகை நின்றுபோகும், கூலி தாமதமாகும், பின்பு தவணையும் தவறும்.

இத்துறைக்குப் பொறியியல் மட்டுமே வாயில் அன்று. வேதியியல், மருந்தியல் பயின்றோரும், ஆவணத் தணிக்கையின் வழியே வணிகவியல் பயின்றோரும் (நம் பாடத்தை விட்டுவிட மனமில்லை) நுழையலாம். ஆனால் புள்ளியியல் இன்றி உயர்வது அரிது. 1924இல் அமெரிக்கர் வால்டர் ஷூஹார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடமே இன்றும் அடிப்படைக் கருவி. அளவுகளில் இயல்பாக நேரும் ஏற்றத்தாழ்வு எது, எந்திரம் நெறிபிறழ்ந்ததன் அறிகுறி எது என்பதை அது பிரித்துக் காட்டுகிறது.

ஐஎஸ்ஓ 9001 உள்தணிக்கையாளர் பயிற்சி சில நாள்களில் முடிந்துவிடும். தொழிற்கூடத்தில் ஓரிரு ஆண்டுகள் பழகிய பின் அதைப் பெறுவதே பயன்தரும் என்பது நம் கருத்து.

நேர்காணலில் ஒன்றைக் கேட்டறிக: இப்பதவி யாருக்குக் கீழ்? உற்பத்தி மேலாளருக்குக் கீழெனில், மாதக் கடைசி நாளில் சரக்கை நிறுத்திவைக்கும் அதிகாரம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருக்கும்.