ஹாலில் 90 நாள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2005-ல் அமெரிக்காவில் டிவிடி பெட்டியாக வெளிவந்த ‘பி90எக்ஸ்’, நம் பக்கம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் நண்பர்களின் ஹார்டு டிஸ்க் வழியாகத்தான். வாரம் 6 நாள், நாளுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம், மொத்தம் 13 வாரம். பயிற்சியாளர் டோனி ஹார்ட்டன் ஜோக் அடித்துக்கொண்டே ஆளைப் பிழிந்தெடுப்பார். 2009-ல் ஷான் டீயின் ‘இன்சானிட்டி’ வந்தது: கருவி எதுவும் வேண்டாம், 60 நாள், குதிப்பதுதான் வேலை. 2020 ஊரடங்கில் க்ளோயி டிங்கின் யூடியூப் வீடியோக்கள் கல்லூரி விடுதியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளின் அறைகளையெல்லாம் பிடித்துக்கொண்டன. மூன்றிலும் ஏற்பாடு ஒன்றுதான். கோச் திரைக்குள் இருக்கிறார். நீங்கள் தப்பாகச் செய்தால் அவருக்குத் தெரியாது.

இப்படித் தொடங்கிப் பாதியில் விடுகிறவர்களைச் சோம்பேறி என்று வீட்டில் கேலி செய்வார்கள். என் கணிப்பு வேறு. முதல் வாரத்தில் ஆர்வக்கோளாறில் முழு வேகத்தையும் காட்டிவிட்டு, மாடிப்படி இறங்க முடியாமல் படுத்துக்கொள்கிறவர்களே அதிகம். கீழே உள்ளவற்றில் பல, முதல் சில வாரங்களைத் தாண்டுவதைப் பற்றியவை.

செய்ய வேண்டியவை

முதல் நாளுக்கு முன்பே உங்களைச் சோதித்துப் பாருங்கள். பி90எக்ஸோடு வந்த வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு தகுதிச் சோதனை உண்டு. புல்-அப், புஷ்-அப், நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்தல், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்தல், ஜம்பிங் ஜாக்ஸ் முடிந்ததும் நாடித்துடிப்பு எண்ணுதல். தேறாதவர்கள் எளிய திட்டம் ஒன்றை முடித்துவிட்டு வரட்டும் என்பதுதான் தயாரித்தவர்களின் யோசனையும். ஹார்டு டிஸ்க்கில் வீடியோ வந்தது, புத்தகம் வரவில்லை. என் அளவுகோல் இன்னும் எளிது: இடுப்பு தொங்காமல் 10 புஷ்-அப், சுவரோரம் 1 நிமிடம் அந்த நாற்காலி நிலை, இடையில் நிற்காமல் 3 மாடி. இவை வராவிட்டால் ஒரு மாதம் வேக நடையும் பஸ்கியும் போதும். திட்டம் எங்கும் ஓடிவிடாது.

டாக்டரைப் பார்த்துவிடுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள், பிபியோ சர்க்கரையோ உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு குதித்தால், சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். மருந்தின் நேரத்தை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கையெட்டும் தூரத்தில் குளுக்கோஸ் இருக்கட்டும். பிபிக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் ஏறாது. அதனால் அதிகபட்ச நாடித்துடிப்புக்கு 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவர்களுக்குப் பலிக்காது. கையிலுள்ள வாட்ச் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. பேச்சுதான் அவர்களுக்கு அளவு. ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடிந்தால் மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் கடும் வேகம்.

எடைக்கருவியைவிட தையல் டேப்பை நம்புங்கள். முதல் சில வாரம் தசைகள் நீரைப் பிடித்து வைப்பதால் எடை குறையாமல் போகலாம். சிலருக்குக் கூடவும் செய்யும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு முறை, காலையில், மூச்சை இயல்பாக விட்டு வயிற்றின் சுற்றளவை எடுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லைக்கோடு.

முதல் இரண்டு வாரம் பாதிதான் செய்யுங்கள். பல வீடியோக்களில் பின்வரிசையில் ஒருவர் குதிக்காமல், முழங்காலை ஊன்றி, எளிய வடிவத்தைச் செய்துகொண்டிருப்பார். முன்னால் கத்துகிறவரை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் நீங்களே குறையுங்கள்: 20 என்றால் 10, தரையில் கை ஊன்றிக் குதித்தெழும் பர்ப்பி என்றால், குதிக்காமல் காலை ஒவ்வொன்றாகப் பின்னால் வைத்து எழும் பர்ப்பி. 60 நிமிட வீடியோவை 30-வது நிமிடத்தில் நிறுத்துவதில் குற்றமே இல்லை. ஆனால் வீடியோவைக் கடைசிக்கு ஓட்டி, அங்கே வரும் நிதானப் பயிற்சியை மட்டும் செய்துவிடுங்கள். பாய்ந்துகொண்டிருந்தவர் சட்டென நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலைசுற்றும்.

புஷ்-அப்பைச் சமையல் மேடையில் தொடங்குங்கள். எல்லாத் திட்டத்திலும் வரும் பயிற்சி, எல்லாரும் கெடுக்கும் பயிற்சி இதுதான். மேடை விளிம்பில் கை ஊன்றி 15 சுலபமாக வந்தால், மாடிப்படியின் மூன்றாம் படிக்கு இறங்குங்கள், அதுவும் வந்தால் முதல் படி, பிறகுதான் தரை. முழங்கை இரண்டு பக்கமும் இறக்கைபோல் விரியாமல், உடம்போடு ஏறக்குறைய 45 டிகிரியில் பின்னோக்கிப் போக வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒட்டடைக் கம்பு போதும். யாரையாவது அதை முதுகின் மேல் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே எலும்பு முடியும் இடம் ஆகிய மூன்றும் கம்பைத் தொட்டபடியே நீங்கள் இறங்கி ஏற வேண்டும். வயிறு தொங்கினாலும் பின்புறம் தூக்கினாலும் கம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆள் கிடைக்காத நாளில் போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். நாம் செய்வதாக நினைப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் அதில் தெரியும்.

சத்தமில்லாமல் குதியுங்கள். பல வீடியோக்களில் அவர்கள் குதிப்பது மரத்தளத்தில். நம் வீட்டில் கான்கிரீட் மேல் டைல்ஸ். முழங்கால் அந்த வித்தியாசத்தை நன்றாகவே உணரும். முன்பாதம் முதலில் பட்டு, குதிகால் மெல்ல இறங்கி, முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டும். முழங்கால் இரண்டும் உள்நோக்கிச் சரியக் கூடாது. ‘தொம்’ என்று கேட்டால் அடியை எலும்பு வாங்கியிருக்கிறது என்று பொருள். மாடி வீட்டுக்காரர்களுக்கு இதில் இன்னொரு நன்மை: கீழ்வீட்டுக்காரர் படியேறி வரமாட்டார். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். யோகா மேட்டின் மேல் குதிக்காதீர்கள். வியர்வை பட்ட டைல்ஸில் அது உங்களோடு சேர்ந்து வழுக்கும்.

நேரத்தை வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கு டம்பெல்லைவிடக் கிடைக்காத பொருள், கதவைச் சாத்திக்கொண்ட ஒரு மணி நேரம். குக்கர் விசில், பள்ளி வேன், பால்காரர், “அம்மா, சாக்ஸ் எங்க?” ஆகிய நான்கும் ஒரே 40 நிமிடத்துக்குள் வரும். இதை மன உறுதியால் சமாளிக்க முடியாது. அந்த நேரத்துக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வேண்டும், அதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். நைட்டியோடு குதித்தால் கால் தடுக்கும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் குதிக்கவே வேண்டாம். மாதவிலக்கு நாளில் முடிந்ததைச் செய்யலாம், தடை ஏதுமில்லை. பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள், குறிப்பாக சிசேரியன் ஆனவர்கள், வயிற்றுப் பயிற்சியும் குதிப்பும் தொடங்கும் முன் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இடுப்புத்தளத் தசைக்கென்றே பயிற்சி இருக்கிறது.

ஓய்வு வாரத்தை அப்படியே எடுங்கள். பி90எக்ஸில் 4-ஆம், 8-ஆம் வாரங்களை யோகா, நீட்டல் போன்ற பயிற்சிகளோடு சற்று லேசாக வைத்திருக்கிறார்கள். இன்சானிட்டியிலும் இரண்டு மாதத்துக்கு நடுவே ஒரு மீட்சி வாரம் உண்டு. திட்டத்தில் நன்றாக யோசித்து வைக்கப்பட்ட பகுதி இது. நம்மவர்கள் முதலில் தாண்டிப்போவதும் இதைத்தான்.

செய்யக்கூடாதவை

எல்லா வலியையும் ஒன்றாக எண்ணாதீர்கள். புதிய பயிற்சி செய்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசை முழுதும் பரவலாக, இரண்டு பக்கமும் ஒரேபோல் வலிப்பது வழக்கமானது. லேசாக நடந்தால் குறையும். ஒரே இடத்தில், ஒரே பக்கம், மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்துங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் வீடியோவை அணைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று அபூர்வம், ஆனால் ஆபத்து. பழக்கமில்லாதவர் முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கியோ புல்-அப்போ எடுத்தால் தசை இழைகள் சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். ராப்டோமயோலைசிஸ் என்பார்கள். தாங்க முடியாத வலி, வீக்கம், கோலா நிறத்தில் சிறுநீர் ஆகியவை அடையாளம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்யாதீர்கள். வியர்வை அதிகம் கொட்டினால் கொழுப்பு அதிகம் கரையும் என்று ரெயின்கோட் போட்டுக் குதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கரைவது தண்ணீர். கடலோர ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிவதால் உடம்பு சரியாகக் குளிர்வதில்லை. ஃபேன் ஓடட்டும், விடியலில் முடியுங்கள். கரண்ட் போன நாளில் பயிற்சிக்கும் விடுமுறை விடலாம்.

கதவு நிலையில் மாட்டும் புல்-அப் கம்பியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கொக்கிபோல் மாட்டும் வகை, கதவைச் சுற்றிச் சட்டம் துருத்திக்கொண்டிருக்கும் வீடுகளுக்கானது. நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் சுவரோடு சமமாகப் பூசப்பட்டிருக்கும், கம்பி பிடிக்காது. சுவரில் துளையிட்டு போல்ட் போடும் வகை சரி. வாடகை வீடென்றால் ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தாலே முதுகுக்கு வேலை கிடைக்கும். பழைய வீட்டில் உறுதியான ஊஞ்சல் கொக்கி இருந்தால் யோகம். ஃபேன் கொக்கியில் மட்டும் தொங்கிவிடாதீர்கள்.

வயிற்றுப் பயிற்சியால் தொப்பை கரையும் என்று நம்பாதீர்கள். பி90எக்ஸின் ‘ஆப் ரிப்பர்’ 16 நிமிடத்தில் 300 அசைவுகளுக்கு மேல் வாங்கும். கீழே உள்ள தசை பலப்படும், மேலே உள்ள கொழுப்பு அதற்காகவே இடத்தைக் காலி செய்யாது. உடம்பு எங்கிருந்து முதலில் கரைக்கும் என்பதை வீடியோ முடிவு செய்வதில்லை.

“தினம் 4 நிமிடம் போதும்” என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஜப்பானின் இசுமி தபாதா 1996-ல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு, 7 அல்லது 8 சுற்று. அதைச் செய்தவர்கள் விளையாட்டில் ஊறிய இளைஞர்கள், செய்தது பயிற்சி சைக்கிளில், வேகமோ அவர்களின் அதிகபட்ச ஆக்சிஜன் அளவுக்கு ஈடான உழைப்பைப்போல் ஏறக்குறைய 170 சதவிகிதம். கடைசிச் சுற்றில் மிதிக்க முடியாமல் நின்றுவிடும் அளவு. ஹாலில் நின்று கையைக் காலை ஆட்டும் 4 நிமிடத்துக்கு அதே பெயர் வைக்கலாம். அதே பலன் வராது.

வீடியோவோடு வரும் சாப்பாட்டு அட்டவணையை அப்படியே பின்பற்றாதீர்கள். சிக்கன் பிரெஸ்ட், காட்டேஜ் சீஸ், ப்ரோட்டீன் பார் என்று போகும் பட்டியல் நம் சமையலறையில் பத்து நாள் தாங்காது. நம் சாப்பாட்டில் குறைவது புரதம், அதை மட்டும் சரிசெய்தால் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம்; கடும் பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை சொல்வது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமிலிருந்து 96 வரை. ஒரு முட்டை 6 கிராம். 50 கிராம் காய்ந்த சோயா உருண்டை ஏறக்குறைய 25 கிராம். 100 கிராம் மத்தி மீன் 20 கிராம் அளவில். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாயங்கால பஜ்ஜியின் இடத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று கணக்குக் காட்டுவது நம் பொதுவான ஏமாற்று. கரண்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கலோரியை வைத்துத் தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொள்ளாதீர்கள். 70 கிலோ ஆள் 1 மணி நேரம் கடுமையாகச் செய்தால் 400 முதல் 600 கலோரி போகும். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதை உட்கார்ந்த இடத்தில் திருப்பித் தந்துவிடும்.

விட்ட நாளைச் சேர்த்துச் செய்யாதீர்கள். தீபாவளி வரும், ஊரில் கல்யாணம் வரும், காய்ச்சல் வரும். மூன்று நாள் போனால் நான்காம் நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடியோவை ஒன்றாக ஓட்டி ஈடுகட்டும் எண்ணம் வேண்டாம். 90 நாள் திட்டம் 110 நாளில் முடிந்தாலும் முடிந்ததுதான். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்குவது நல்லது.

முன்-பின் படங்களோடு உங்களை ஒப்பிடாதீர்கள். வெளிச்சம், தசையை முறுக்கும் விதம், உள்ளிழுத்த வயிறு ஆகியவையே ஒரே நாளில் இரண்டு ஆளாகக் காட்டப் போதும்.

கடைசி நாளுக்கு மறுநாளே அடுத்த திட்டத்தில் குதிக்காதீர்கள். முதலில் செய்த அதே சோதனையை மறுபடி எடுத்து எழுதி வையுங்கள், பிறகு ஒரு வாரம் நடை மட்டும். வாரம் 6 நாள் என்பது வருடம் முழுக்க ஓடுவதற்கான ஏற்பாடு அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, கூடவே 2 நாளாவது தசைப் பயிற்சி. திங்களும் வியாழனும் புஷ்-அப், பஸ்கி, பட்டை இழுத்தல். சனிக்கிழமை உங்களுக்குப் பிடித்த வீடியோ ஒன்று. மற்ற நாளில் அரை மணி வேக நடை. இப்படி வைத்தால் அந்தக் கணக்கு தாராளமாக வந்துவிடும்.