கொல்கத்தா புழுக்கத்தில் பழுப்புப் பிரிண்ட்: இருட்டறைக்குச் சில குறிப்புகள்

லேக் மார்க்கெட் பக்கத்து அடுக்ககத்தில், இரவு பத்து மணிக்கு மேல் என் குளியலறைதான் இருட்டறை. பழுப்பு நிறம் தரும் வார்ம்டோன் பேப்பரில் பிரிண்ட் போடத் தொடங்குகிற எவரும் முதலில் கேட்பது, 'எந்த டெவலப்பர்?' என்றுதான். இந்த ஊரில் அதற்கு விடை சொல்ல வெயிலையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

1. பழுப்பு முதலில் பேப்பரில் இருக்க வேண்டும். வெள்ளி குளோரைடு கலந்த குளோரோபுரோமைடு பேப்பரில் வெள்ளித் துகள்கள் மிக நுண்மையாக வளரும். துகள் சிறுக்கச் சிறுக்கக் கருப்பு பழுப்புப் பக்கம் சாயும். வெறும் புரோமைடு பேப்பரை எந்த டெவலப்பரில் முக்கினாலும் பெரிதாக மாறாது.

2. கொல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ காலத்துப் படங்களின் நிறம் வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அந்த ஸ்டூடியோவின் சேகரிப்பில் பெரும்பகுதி 1991 தீ விபத்தில் போயிற்று. 2016-இல் கடையும் மூடப்பட்டது. அந்த 19-ஆம் நூற்றாண்டுப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் பேப்பரில், வெயிலில் வைத்தே அச்சானவை. அங்கே டெவலப்பருக்கு வேலையே இல்லை. எனவே அந்த நிறத்தை அப்படியே எட்ட முயல வேண்டாம்.

3. வழக்கமான கோடாக் டி-72-ஐ விட டி-52 இதற்கு ஏற்றது. ஒரு லிட்டருக்கு அளவு: மெட்டால் 1.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 22.5, ஹைட்ரோகுயினோன் 6, மோனோஹைட்ரேட் சோடியம் கார்பனேட் 17, பொட்டாசியம் புரோமைடு 1.5. டி-72-இல் கார்பனேட் மட்டும் 80 கிராம். டி-72-ஐ ஒன்றுக்கு இரண்டு பங்கு நீரிலும், டி-52-ஐச் சம அளவு நீரிலும் கரைத்துப் பயன்படுத்துவார்கள். அப்படிக் கரைத்த பிறகும் டி-52-இல் காரம் மூன்றில் ஒரு பங்குதான். புரோமைடோ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. காரம் குறைந்து, அதோடு ஒப்பிட புரோமைடு மிகுந்தால் துகள் நிதானமாக வளரும். பழுப்பின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

4. கலக்கும்போது 50 டிகிரி வெந்நீரில் மெட்டாலை முதலில் போடுங்கள். சல்பைட் முந்திக்கொண்டால் மெட்டால் கரைய அடம்பிடிக்கும்.

5. இன்னும் பழுப்பு வேண்டுமா? 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் புரோமைடு கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டெவலப்பருக்கு 10 மி.லி. வீதம் சேர்த்து, ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஸ்டிரிப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்போஷரைச் சற்றுக் கூட்ட வேண்டி வரும். நிழல்களில் பாசிப் பச்சை தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

6. கிளைசின் சேர்ந்த ஆன்ஸ்கோ 130 அருமையான டெவலப்பர். டிரேயில் நெடுநேரம் கெடாது. ஆனால் ரசாயனக் கடையில் 'கிளைசின்' என்று கேட்டால் அமினோ அமிலத்தைத் தந்துவிடுவார்கள். அது வேறு பொருள். அதைப் போட்டு ஓர் இரவு முழுக்க நான் பேப்பரை வீணாக்கியிருக்கிறேன்.

7. மே மாதத்தில் குழாயில் வருவதே வெந்நீர். 20 டிகிரிக்குப் பழகிய டெவலப்பர் 30-இல் பாய்ந்து ஓடும்: கான்ட்ராஸ்ட் ஏறும், வெள்ளை மங்கும். பெரிய பேசினில் நீர் ஊற்றி, உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டை மிதக்கவிட்டு, அதில் டிரேயை வையுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் போடக் கூடாது. ஜனவரி இரவில் நேர்மாறான தொல்லை: 15 டிகிரிக்குக் கீழே ஹைட்ரோகுயினோன் சோம்பிவிடும். அப்போது பேசினில் வெந்நீர்.

8. எக்ஸ்போஷரைக் கூட்டி டெவலப் நேரத்தைக் குறைத்தாலும் பழுப்பு கூடும். ஒரு நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும்.

9. பல்டாவிலும் கார்டன் ரீச்சிலும் சுத்திகரித்து வரும் ஹூக்ளி நீர் போதுமானது. போர் தண்ணீர் உள்ள கட்டடமானால் டெவலப்பருக்கு மட்டும் வடிநீர் வாங்குங்கள். கடின நீரும் கார்பனேட்டும் சேர்ந்தால் சுண்ணாம்பு படியும்.

10. சோடியம் கார்பனேட்டுக்குச் சலவை சோடா வாங்கினால், அந்தப் படிகத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். 17 கிராம் மோனோஹைட்ரேட்டுக்குப் பதில் 39 கிராம் படிகம் வேண்டும். மழைக்காலத்தில் நீரற்ற சோடா காற்றின் ஈரத்தைக் குடித்து எடை மாறும். டப்பா மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

11. மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும். கையுறை, இடுக்கி இரண்டும் கட்டாயம். சமையலறைக் கரண்டியும் கிண்ணமும் இந்தப் பக்கமே வரக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பாட்டில்களைப் பூட்டி வையுங்கள்.

12. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பர் பொட்டலம் எங்காவது கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். வயதான பேப்பர் புகை படிந்தது போல் சாம்பல் பூத்திருக்கும். பென்ஸோட்ரையசோல் அதைக் குறைக்கும், கூடவே நிறத்தை நீலப் பக்கம் இழுத்துவிடும். பழுப்புக்காக வாங்குவதென்றால் புதுப் பேப்பரே நல்லது.

13. பிரிண்டை ரேபிட் பிக்ஸரில் மறந்து விட்டுவிடாதீர்கள். வார்ம்டோனின் நுண்துகள்களை அது அரிக்கத் தொடங்கும். முகத்தின் வெளிச்சப் பகுதிதான் முதலில் வெளுக்கும்.

14. சேஃப்லைட்டில், ஈரத்தில் நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். காய்ந்ததும் படம் கொஞ்சம் இருளும், நிறமும் மாறும். நான் குமார்துலி களிமண் சிற்பப் படங்களை இரவு போட்டு, காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த தாளுக்கு எவ்வளவு புரோமைடு என்று முடிவு செய்கிறேன். மண்ணுக்கும் வைக்கோலுக்கும் இந்தப் பழுப்பு அவ்வளவு பொருந்துகிறது. மழையில் நனைந்த ஹவுரா பாலத்துக்கு டி-72.